உதைக்கு இரண்டு புள்ளி

டோர்வலில், விமானங்களுக்கு உணவு தயாரித்து அனுப்பும் இடத்தில் நான் வேலை செய்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு அறை ரீவியில் அமெரிக்க ஃபுட்போல் ஓடும். அதைப் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லியும் யாரும் கேட்டதில்லை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கோட் அணிந்த மூன்று பேர் ஆட்ட இடைவேளையில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப விவாதிப்பார்கள். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் எடுத்த அணிக்கு அதற்குப் பிறகு ஓர் உதை கிடைக்கும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மேலதிகமாக ஒரு புள்ளி. பெரியவர்களின் ஆட்டத்தில் அதைத் தவறவிடுகிறவர்கள் அரிது. தவறாத ஒன்றுக்கு எதற்குப் புள்ளி, எடுத்துவிடலாமே என்பது ஒருவருடைய கட்சி. இன்னும் தூரத்தில் வைத்து உதைக்கச் சொல்லலாம் என்பது இரண்டாமவருடையது. மூன்றாமவர் எதையும் தொடக்கூடாது என்பார்.

என் தங்கையின் கணவர் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலையில் இருந்தார். எனக்கு மச்சான், அதற்கு முன்பே ஒரே வகுப்பில் படித்தவர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர்களுடைய வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் அப்போது நான் இருந்தேன். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவதற்காக எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்து காத்திருக்கும் நேரத்தில் அவரும் அந்த மூன்று பேரின் விவாதத்தைப் பார்ப்பார்.

"இதுக்குள்ள என்னவோ இருக்கு மச்சான்" என்றார் ஒருநாள்.

"என்ன இருக்கு?"

"இவ்வளவு காலமும் உதைச்சவங்கள்தானே. இப்ப ஏன் மறிக்கப் பாக்கிறாங்கள்? ஆரோ ஒருத்தன் நல்லா உதைக்கிறான். அவன்ர காலைக் கட்டத்தான்."

நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதை முற்றாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஊரில் சில வருடங்கள் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். செய்தி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முதல், அதை யார் கொண்டுவந்து தந்தார்கள், தந்ததால் அவர்களுக்கு என்ன என்று பார்க்கப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் வேலையோடு போய்விடவில்லை.

அவருக்கு அந்த உதையில் அக்கறை வந்ததற்குக் காரணம் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தவளைப் பக்கத்து மைதானத்தில் நின்று பார்த்த ஃபுட்போல் கோச் ஒருவர், எங்களுக்கு இப்படி ஒரு கால் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அணியில் மற்ற எல்லோரும் ஆண்பிள்ளைகள். தலைக்கவசத்தைக் கழற்றிப் பின்னலை வெளியே இழுத்துவிடும்வரை எதிரணியின் தாய் தகப்பன்மாருக்கு அவள் பெண்பிள்ளை என்பது தெரியாது. தெரிந்ததும் வரிசையில் ஒரு சலசலப்பு ஓடும். அந்தச் சலசலப்பில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காக மச்சான் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்பார்.

சிறுவர் ஆட்டத்தில் கணக்கு வேறு. பெரியவர்களுக்குச் சுலபமான உதை, பிள்ளைகளுக்குக் கஷ்டம். பந்தை ஒருவன் எறிய வேண்டும், ஒருவன் பிடித்து நிறுத்த வேண்டும், ஒருவன் உதைக்க வேண்டும்; மூன்றும் சரியாக நடப்பது அபூர்வம். ஆகவே டச்டவுனுக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இரண்டு புள்ளி. உதைக்காமல் பந்தை ஓடியோ எறிந்தோ கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் ஒரு புள்ளி. பெரும்பாலான அணிகள் உதைக்க முயற்சிப்பதே இல்லை. எங்கள் அணி ஒவ்வொரு முறையும் உதைத்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் இரண்டு எட்டு வைத்து அடிப்பாள். பந்து போய்ச் சேர்ந்ததா என்று அவள் பார்க்கமாட்டாள். பொடியன்கள் வந்து அவளுடைய தலைக்கவசத்தில் தட்டுவதில் இருந்து தெரிந்துகொள்வாள். பிறகு வந்து மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய கால் துல்லியமானது, தூரம் போகாது. ஆகவே ஆட்டம் தொடங்கும் உதைகூட வேறொருவனுக்கு. அணியில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான். அது இருந்தால் அவள் அணியில் இருப்பாள், இல்லாவிட்டால் இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் கோச் வீட்டுக்கு வந்தார். கூரை வேலை செய்கிற மனிதர், தாய்மொழி பிரெஞ்சு. தப்பு ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு சோபாவில் வந்து இருந்தார். தங்கை தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள்.

விஷயம் இதுதான். எல்லா அணிகளையும் நடத்துகிற கழகத்தின் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் அந்த உதையைப் பற்றி இரண்டு பிரேரணைகள் வருகின்றன. உதையையே எடுத்துவிடச் சொல்லிச் சில அணிகளின் பெற்றோர் ஒரு பிரேரணை கொடுத்திருக்கிறார்கள். ஒரு அணியில் மட்டும் உதைக்கத் தெரிந்த பிள்ளை இருப்பது நியாயமில்லை, மற்றவர்கள் முயற்சி செய்து நேரம் வீணாகிறது, பந்தைப் பிடித்து நிறுத்துகிற பிள்ளையின் விரல் நசிகிறது என்று காரணங்கள். கோச் அதற்கு முதல் எடுக்கும்படி வேறொன்று கொடுத்திருக்கிறார்: உதை இருக்கட்டும், ஆனால் பெரியவர்களின் ஆட்டத்தில் இருப்பதுபோல உதைக்கு ஒரு புள்ளி, ஓடினால் இரண்டு. இது நிறைவேறினால் மற்றது எடுக்கப்படாது. உதையின் பெறுமதி குறையும், ஆனால் உங்கள் மகளுக்கு இடம் இருக்கும் என்றார். எல்லாருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னார்.

மச்சான் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வாசல்வரை போய் வழியனுப்பினார். கார் தெருமுனை திரும்பும்வரை திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல மனிசன்" என்றாள் தங்கை. "மூண்டு ரோல்ஸ் சாப்பிட்டவர். உறைப்பெண்டு சொல்லேல்லை."

"அதுதான் எனக்குப் பிரச்சினை. உறைச்சிருக்கும். ஏன் சொல்லேல்லை?"

"விசர்க் கதை கதையாதேங்கோ."

"அவன்ர மகன் அணியில என்ன விளையாடுறவன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் மச்சான்.

அதை நானும் யோசித்திருந்தேன். கோச்சின் மகன்தான் எங்கள் அணியில் பந்தோடு ஓடுகிறவன். ஓட்டத்துக்கு இரண்டு புள்ளி என்று வந்தால் அந்த இரண்டு புள்ளியும் பெரும்பாலும் அவனுடைய காலில்தான் வரும்.

"ஓடுறவன்" என்றேன்.

"பாத்தியா? பெரிய பூச்சாண்டியைக் காட்டிச் சின்னதை எங்கட தலையில கட்டப் பாக்கிறான். உதையை எடுக்கிறதாம்! அப்பிடி ஒரு பிரேரணையை ஆரும் ஆதரிக்கமாட்டினம். அது சும்மா வெருட்ட."

அப்போது படியில் இருந்து மகள் பேசினாள். அவளுக்குப் பிரெஞ்சுதான் முதலில் வரும்; தகப்பனோடு கதைக்கும்போது மட்டும் சொற்களைத் தேடித் தேடித் தமிழ். "அப்பா, ஒண்டு எண்டாலும் பரவாயில்லை. எனக்கு உதைக்கலாம்தானே."

"நீ போய்ப் படி. உனக்கு இவங்களைத் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும். நீங்கள் வெளியாலதானே நிக்கிறனீங்கள்" என்றாள். தங்கை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனார். அங்கே மீன்கடை வைத்திருந்த அண்ணை ஒருவர், மன்னார்ப் பக்கம், சேர்ச் ஆட்களிடையே அவருடைய சொல்லுக்கு எடுபாடு உண்டு. வீடு டொலார்டில்தான். அவருடைய மகனும் அதே கழகத்தில், வேறொரு அணியில் முன்வரிசையில் நின்று இடிபடுகிறவன். கழகத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த எங்கள் சனத்தில் பாதிப் பேர் எங்களைப்போலக் கோயில் பக்கம், பாதிப் பேர் சேர்ச் பக்கம். கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு.

அண்ணை பாரை மீன் ஒன்றின் செட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். மச்சான் விளக்கி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"உம்மட மகள் வந்து பந்தைத் தொட்டுட்டுப் போவா. என்ர பொடியன் அல்லோ கீழ கிடந்து நசிபடுறவன்" என்றார் கடைசியில். "அவனுக்கு ஆர் புள்ளி குடுக்கினம்?"

"அண்ணை, இது பிள்ளையின்ர விசயம்."

"ஓம், இப்ப பிள்ளையின்ர விசயம். போன வருசம் எங்கட விளையாட்டுப் போட்டியில அஞ்சலோட்டத்தில வந்து ஆர் மறுப்புக் குடுத்தது? உம்மட ஆக்கள்தானே. எங்கட பொடியன் கோடு மிதிச்சவனாம்!"

"மிதிச்சவன்தானே" என்றார் மச்சான். எனக்கு அவருடைய காலை மிதிக்க வேண்டும்போல இருந்தது.

அண்ணை கத்தியைக் கழுவினார். வாடிக்கையாளரிடம் "பொன்ஜூர்" சொல்லி மீனைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "சரி, அதைப் பேந்து பாப்பம். இப்ப என்ன செய்யோணும்?"

"ரெண்டுக்கும் எதிர். முதலாவதுக்கும் எதிர், ரெண்டாவதுக்கும் எதிர். இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும்."

"வெள்ளையள் அதில எத்தினை பேர் எங்களோட?"

"ஆரையும் கேக்கேல்லை. கேட்டா உசாராகிடுவினம்."

அண்ணை அதை ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டார். எனக்கும் அந்த நேரத்தில் அது விநோதமாகப் படவில்லை. எங்கள் சங்கக் கூட்டங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்தன. பழைய மாணவர் சங்கமோ ஊர்ச் சங்கமோ, பிரேரணையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முன்மொழிந்தது யார், வழிமொழிந்தது யார், அவர்களுக்குப் பின்னால் நிற்பது யார் என்றுதான் கேட்போம். முடிவு கூட்டத்துக்கு முதலே தொலைபேசியில் எடுக்கப்படும். கூட்டத்துக்குப் போவது அதைக் கையால் காட்டுவதற்கு மட்டும். அறையில் எழுந்து கேள்வி கேட்கிறவன் கட்சி மாறப்போகிறான் என்று அர்த்தம்.

போகும்போது அண்ணை என்னைத் தனியாகப் பிடித்தார். "தம்பி, உண்மையாச் சொல்லும். உம்மட மச்சான் கழகக் கமிட்டிக்கு வரப் பாக்கிறாரோ?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பிளாஸ்டிக் பையில் இரண்டு மீனைப் போட்டு, இதைக் கொண்டுபோங்கோ என்றார். காரில் மச்சான் அந்தப் பையைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

பொதுக்கூட்டம் பனிச்சறுக்கு அரங்கின் மேல்மாடி அறையில் நடந்தது. வெளியே வாகனத் தரிப்பிடத்தின் ஓரங்களில் கறுத்துப்போன பனிக்குவியல்கள். கீழே பிள்ளைகள் ஹொக்கி ஆடுகிற சத்தம், ரப்பர் விரிப்பின் ஈர மணம். எங்கள் ஆட்கள் நான்கு வான்களில் வந்தார்கள். அதுவரை பொதுக்கூட்டத்துக்கு ஒருவரும் போனதில்லை. தகப்பன்மார் கடைசி வரிசைகளில் ஒன்றாகப் போய் இருந்தார்கள். கோயில் பக்கம் இடதில், சேர்ச் பக்கம் வலதில், நடுவில் ஒரு நடைபாதை. வழக்கமாக வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மஞ்சள் மட்டை கொடுக்கப்பட்டது. எனக்குப் பிள்ளை இல்லை, மட்டையும் இல்லை. கோப்பிப் பாத்திரம் வைத்திருந்த மேசையோடு சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கிருந்து எல்லா முகங்களும் தெரிந்தன. மச்சானின் மகள், என் மருமகள், முன்வரிசையில் அணிப் பொடியன்கள் இரண்டு பேரோடு இருந்தாள்.

தலைவி ஒரு பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி. எல்லாவற்றையும் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார். முதலாவது பிரேரணை நிறைவேறினால் இரண்டாவது கைவிடப்படும் என்பதை இரண்டு மொழியிலும் இரண்டு தரம் சொன்னார். கோச் எழுந்து, வீட்டில் சொன்னதையே சொன்னார். உதையை எடுக்கக் கேட்டவர்களுக்கு உதையின் பெறுமதியைக் குறைத்துத் தருகிறேன், வைத்திருக்கக் கேட்கிறவர்களுக்கு உதையைத் தருகிறேன் என்றார். வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவி கேட்டார். அவருடைய பார்வை கடைசி வரிசைகளில் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் எல்லோரும் தரையையும் கூரையையும் பார்த்தார்கள்.

மட்டைகள் உயர்ந்தன. ஆதரவு அறையில் பரவலாக இருந்தது. எதிர்ப்பு என்று கேட்டதும், முதலில் மச்சானின் மட்டை, அடுத்தகணம் அண்ணையின் மட்டை, அதைப் பார்த்துக் கடைசி வரிசைகள் முழுவதும் ஒரே வீச்சில் மஞ்சளானது. உதையையே எடுக்கக் கேட்டவர்களும் அதே பக்கம் கைதூக்கினார்கள். அவர்களுக்கு அரைகுறையாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நானே அப்போதுதான் கவனித்தேன்: உதையை அழிக்க வந்தவர்களும் காப்பாற்ற வந்தவர்களும் ஒரு பக்கத்தில் நின்றார்கள். பிரேரணை தோற்றது.

மச்சான் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். அண்ணை நடைபாதைக்கு மேலால் கையை நீட்டி அவருடைய முழங்காலில் தட்டினார். கோயிலும் சேர்ச்சும் ஒன்றாகக் கைதூக்கியது அந்த ஊரில் நான் கண்ட முதல் தடவை.

பிறகு தலைவி இரண்டாவதை எடுத்தார். முன்னால் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்கினார்கள். முதலாவதுக்குக் கைதூக்கிய ஒரு தகப்பன், கோப்பி நிரப்ப வந்தவர், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பின்னால் இருக்கிறவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை, ஆனால் எல்லாவற்றையும் மறிக்க வந்திருக்கிறார்கள், இதை இன்னொரு வருடம் இழுக்க என்னால் ஏலாது என்றார். மற்றவர் தோளைக் குலுக்கினார். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. சமரசத்துக்குக் கைதூக்கியவர்களில் கணிசமானவர்கள், ஏதாவது ஒன்று முடிந்தால் சரி என்று, உதையை எடுக்கிற பக்கம் போனார்கள். கடைசி வரிசை மறுபடியும் மஞ்சளானது. அது போதவில்லை. சிறுவர் ஆட்டத்தில் இனி அந்த உதை இல்லை.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். தகப்பனை அல்ல, என்னை. நான் சுவரில் இருந்து நிமிர்ந்து நின்றேன்.

தரிப்பிடத்தில் வான்களைச் சுற்றி நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். யாரோ காலைவாரிவிட்டார்கள் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் என்பதில்தான்.

"நீர் சொன்னபடிதான் தூக்கினம்" என்றார் அண்ணை. "என்ர ஆக்கள் ஒராள் பிசகேல்லை. உம்மட பக்கத்தைப் பாரும்."

"எங்கட பக்கத்திலயும் ஒராளும் இல்லை அண்ணை. வலப்பக்கம் ரெண்டாந்தரம் ஒண்டு ரெண்டு மட்டை கீழயே இருந்தது."

"ஆர் கண்டது?"

"நான் கண்டனான்."

"நீர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்டதைச் சொன்னேன்: இரண்டு தடவையும் இரண்டு பக்கமும் எல்லா மட்டைகளும் உயர்ந்தன. ஒருவரும் மாறவில்லை. மாறியது முன்னால் இருந்தவர்கள். முதலாவது நிறைவேறியிருந்தால் இரண்டாவது வந்திருக்காது என்றேன். இரண்டு பேருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிறகு ஒருவர் வானின் கதவைத் திறந்தார், மற்றவர்களும் கலைந்தார்கள்.

காரில் மருமகள் பின் இருக்கையில் யன்னல் பக்கம் இருந்தாள். செயின்ட் ரேஜிஸ் தெருவில் கோயிலைத் தாண்டும்போது கேட்டாள்: "அப்பா, முதலாவதுக்கு ஏன் கை தூக்கேல்லை?"

"அது ஒரு பொறி, பிள்ளை."

"என்ன பொறி? ஒண்டு புள்ளி கிடைச்சிருக்கும். இப்ப ஒண்டும் இல்லை."

நான் சொன்னேன்: "கோச் ரெண்டாவதுக்கு எதிராத்தான் கை தூக்கினவர். நான் பாத்தனான். எங்களோடதான் தூக்கினவர்."

"நீ பாத்தனிதானே?" என்றார் மச்சான். "அதுக்குத்தான் தூக்கினவன். எல்லாரும் பாக்கோணும் எண்டு. அவனுக்குத் தெரியும் எங்களுக்கு எது சொன்னாலும் நாங்கள் மற்றப் பக்கம் போவம் எண்டு. அதுதான் வீடு தேடி வந்து சொன்னவன்."

அது அபத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பத்திரிகைக்காரனின் பழக்கம் சும்மா விடவில்லை. இனி எல்லா அணிகளும் உதைக்காமல் ஓட வேண்டும்; எங்கள் அணியில் ஓடுகிறவன் கோச்சின் மகன். முதலாவது வந்தாலும் அவருக்கு லாபம், இரண்டாவது வந்தாலும் அவருக்கு லாபம். ஒருவருக்கு லாபம் இருக்கிறது என்பதால் அவர் சொன்னது பொய் என்று ஆகாது. அதைச் செய்தி அறையில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் என்னால் அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி உறுதியாக எழுத முடியாது.

வசந்தம் முழுவதும் வீட்டில் ஃபுட்போல் பற்றிப் பேச்சில்லை. தங்கை ஒரேயொரு தடவை, மீன் பொரிக்கும்போது, "மீன்கடை அண்ணையின்ர பொடியன் இன்னும் விளையாடுறான்தானே" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். மச்சான் பத்திரிகையைத் திருப்பினார்.

ஓகஸ்ட் நடுவில் கோச் தொலைபேசியில் பேசினார். அவளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றார். உதை இல்லாவிட்டாலும் பின்வரிசையில் நின்று பந்தைத் தடுக்கிற இடத்துக்குப் பார்க்கலாம். அவளுக்குக் கண் கூர்மை, பந்து எங்கே வரும் என்று மற்றவர்களுக்கு முதல் அவளுக்குத் தெரிகிறது, இடம் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், முயற்சி செய்து பார்க்கட்டும் என்றாராம்.

"இப்ப எதுக்குக் கூப்பிடுறான்?" என்றார் மச்சான். "பின்வரிசையெண்டா இடிபடுற இடம். ஒருக்கா விழுந்து கை காலை முறிச்சா, பெட்டைக்கு இது சரிவராது எண்டு எல்லாருக்கும் காட்டலாம். பிறகு ஒராளும் கேக்கேலாது."

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்றாள் தங்கை.

"போவம். ஆனா முதல்ல நான் பாக்கோணும்."

அன்று மாலை மச்சானும் மருமகளும் நானுமாகப் போனோம். மச்சான் மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தவில்லை. தெருவின் மறுபக்கம், ஒரு மேப்பிள் மரத்துக்குக் கீழே, புல்வெளி முழுவதும் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். யன்னலை அரைவாசி இறக்கினார். என்ஜினை நிறுத்தவில்லை. பொடியன்கள் வரிசை பிரிந்து ஓடத் தொடங்கியிருந்தார்கள். கோச் கையில் விசிலோடு நடுவில் நின்றார். ஒருதரம் தெருவைப் பார்த்தார். எங்களைக் கண்டாரா தெரியாது. கண்டிருந்தாலும் கை அசைக்கவில்லை.

"பாத்தியா, கண்டும் காணாத மாதிரி" என்றார் மச்சான்.

"அப்பா, தொடங்கிட்டினம்."

"பொறு பிள்ளை. புதுசா வந்த பொடியனை எங்க விடுறான் எண்டு பாப்பம்."

அவளுடைய மடியில் தலைக்கவசம் இருந்தது. விரல்களால் அதன் முன்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த பொடியனைக் கோச் பின்வரிசைக்கு அனுப்பினார். அவன் முதல் பந்தைத் தவறவிட்டான். இரண்டாவதையும் தவறவிட்டான். மச்சான் ஸ்டியரிங்கில் முன்னால் சாய்ந்து பார்த்தார். அவன் விழுந்தான், எழுந்தான், யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றார் மச்சான். "இவன் என்ன செய்யிறான் எண்டு—"

பின்கதவு திறந்தது. அவள் இறங்கி, கதவை அடித்துச் சாத்தாமல் கையால் தள்ளி மூடினாள். இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தாள். நடந்துகொண்டே பின்னலை உள்ளே தள்ளித் தலைக்கவசத்தை மாட்டினாள். புல்லில் கால் வைத்ததும் ஓடத் தொடங்கினாள். கோச் புதுப் பொடியனைத் தோளில் தொட்டு விலக்கி, அவளுக்கு இடம் காட்டினார். அவள் போய் நின்றாள்.

மச்சான் என்ஜினை நிறுத்தினார். நெடுநேரம் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மாசி மாதத்தில் திரைச்சீலை ஓரத்தால் கோச்சின் காரைப் பார்த்த அதே பார்வை.

"மச்சான், பிள்ளைக்கு நீதான் சொல்லிக் குடுத்தனியோ?"

"இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினவர் மாதிரி இல்லை.